நாற்பத்தாறு மீட்டர்

சாலைக்கு என் கணினியில் இரண்டு உருவம்.
ஒன்று, தோ பாயோ அடுக்குமாடிகளின் முதுகுப்புறம்
நெளிந்து வளைந்து
கால்வாயைத் தொட்டும் தொடாமலும் போவது.
மற்றது வெறும் அளவுநாடா.
சாங்கியில் சுழியம்,
துவாஸ் பக்கம் முடிவு,
நடுவில் வளைவே அறியாத ஒரு கோடு.

குழிகள், விளக்குக் கம்பங்கள், வடிகால் மூடிகள்,
மோதி நசுங்கிய தடுப்புக் கம்பிகள்
எல்லாவற்றுக்கும் அந்த இரண்டாவதுதான் முகவரி.
தொடக்கத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர்
என்று மட்டும் சொல்.
எங்கே என்பதை வரைபடம் பார்த்துக்கொள்ளும்.

சென்ற மாதம் ஒரு வளைவை
அகட்டிக் கட்டினார்கள்.
சாலை நாற்பத்தாறு மீட்டர் நீண்டது.
டாக்ஸிக்காரர்களுக்குக்கூடத் தெரியவில்லை.
திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்,
புதிய கோட்டை ஏற்றிவிட்டு
மீ சியாம் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால்
வளைவுக்கு அப்பாலிருந்த அத்தனையும்
நாற்பத்தாறு மீட்டர் பின்வாங்கி நிற்கின்றன.
போன பருவமழையில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரம்
மேம்பாலத்தின் மேல் கிடக்கிறது.
வேகக் கேமரா கால்வாய்ப் பாலத்தின் நடுவில்.
"மீனையா படம் பிடிக்கப்போகிறது?"
பக்கத்து மேசை பூன் கியாட்
காப்பி சிந்தச் சிரித்தான்.

இதற்கு மருந்து உண்டு.
வளைவைத் தாண்டிய எல்லாவற்றோடும்
நாற்பத்தாறைக் கூட்டு.
ஒரே சொடுக்கு.
மரம் தரைக்கு இறங்கியது,
கேமரா தன் தூணுக்குப் போனது.
ஆறாயிரத்துச் சொச்சம் வரிகள்
சொன்ன பேச்சுக் கேட்டன.

ஒன்று கேட்கவில்லை.

17.382. மூன்றாம் தடம்.
விடியற்காலை 4.50.
லாரி. உயிரிழப்பு: 1.

வளைவுக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.
வளைவுக்குள்ளேயே.
எவ்வளவு கூட்டுவது,
பத்தா, இருபதா, முப்பதா?
'இச்சாலையில் இப்படியோர் இடம் இல்லை'
என்றது திரை, சிவப்பில்,
எந்த வருத்தமும் இல்லாமல்.

இரவுப் பணிக்குழுவின் அடைக்கலத்தை அழைத்தேன்.
பழைய தடத்தைப் பெயர்த்தது அவர் ஆட்கள்தான்.
"எந்தக் கம்பம் பக்கம்னு தெரியுமா?"
"முன்னூத்திப் பதினாலு மேடம்.
ஆனா அது இப்ப இல்ல.
நான்தான் புடுங்குனேன்."

இரவு இரண்டு மணிக்கு
அவர் கைப்பேசியிலிருந்து ஒரு படம்,
கீழே அட்சம், தீர்க்கம்,
ஐந்து தசமத்துக்குத் துல்லியமாய்.
படத்தில் புதிதாய்ப் பதித்த புல் பாளங்கள்.
சட்டத்தின் அடியில்
பாதுகாப்புக் காலணி இரண்டின் முனை.

காலையில் கேட்டேன்,
கம்பமே இல்லாத இருட்டில்
அவ்வளவு சரியாக எப்படி நின்றீர்கள் என்று.
"லாரியில நான்
இந்தப் பக்கம் உக்காந்திருந்தேன் மேடம்"
என்றவர்,
தார் லாரி வந்துவிட்டதென்று
இணைப்பைத் துண்டித்தார்.

புள்ளியை வைத்தேன்.
அது சாலையில் விழவில்லை.
சாலைதான் அதைவிட்டு விலகிப் போயிருந்தது.
இதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது எங்கள் அட்டவணையில்,
பலகைகளுக்கும் மரங்களுக்கும் நிரப்புவது:
விலகல்.
இடப்பக்கம், ஒன்பது மீட்டர்.
கணினி ஏற்றுக்கொண்டது.
குறிப்பு என்ற கட்டத்தில்
நாற்பது எழுத்துக்குத்தான் இடம்.
'லாரியில்' என்று தொடங்கி
அழித்துவிட்டு
பழைய கம்பத்தின் எண்ணை எழுதினேன்.

மாலையில் என் பேருந்து அந்த வளைவில் திரும்பியது.
கூடுதலாய் வந்த நாற்பத்தாறு மீட்டர்
மூன்று நொடிகூட இல்லை.
முன் இருக்கைப் பையன் கைப்பேசியிலிருந்து
தலை நிமிரவில்லை.
நான் இடப்பக்கம் பார்த்தேன்.
ஒன்பது மீட்டர் என்பது எவ்வளவு என்று
இத்தனை வருட வேலையில்
ஒரு தடவைகூடக்
கண்ணால் பார்த்ததில்லை நான்.