திருகாணி

என் வேலை, சம்பளம் வாங்கிக்கொண்டு தலைசுற்றுவது.
அந்தேரியில் நாலாம் மாடி, திரைச்சீலை இழுத்த அறை.
கேமில் மழை விடவே விடாத ஒரு தெரு.
முன்னால் ஓடும் வேனை ஆட்டோவில் துரத்த வேண்டும்.
இடப்பக்கம் ஒடிக்கும்போது
உலகம் கிழிகிறதா என்று பார்க்க வேண்டும்.
கிழிந்தால் எழுத வேண்டும்:
எந்த வளைவு, எத்தனையாவது முறை, எவ்வளவு கிழிசல்.

விநாடிக்கு அறுபது படம் ஓடினால்
கட்டைவிரல் நினைத்ததும் சக்கரம் திரும்பும்.
முப்பதில்
விரலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே யாரோ உட்கார்ந்து
கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள்.
சின்னத் தாமதம்தான். சொன்னால் சிரிப்பார்கள்.
உடம்பு கண்டுபிடித்துவிடுகிறது.

கண் இமைக்கும் நேரத்துக்கு
மாத்திரை என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன்.
என் மேசை இழுப்பறையிலும் மாத்திரை இருக்கிறது,
குமட்டலுக்கு. பத்து உள்ள அட்டை.
முப்பதில் ஓர் இமைப்புக்குள் ஏறக்குறைய பத்துப் படம் போகும்.
ஓர் அட்டை.

நிமிஷ் காம்தார் எங்கள் லீட்.
பெயரிலேயே இமைப்பை வைத்திருக்கிற மனுஷன்.
இசக்கி என்பது வாயில் நுழையாமல் என்னை இஷ் என்பார்.
"அறுபது முடியாது இஷ், பழைய மெஷின் தாங்காது.
முப்பதே இருக்கட்டும்.
மேலே கொஞ்சம் மங்கல் பூசிவிடலாம்."

பூசினார்கள்.
படத்துக்கும் படத்துக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில்
தெருவிளக்கை இழுத்து, கடைப் பலகையை இழுத்து,
மாவு கரைத்த மாதிரி ஊற்றி நிரவினார்கள்.
ஓட்டம் வழுக்கிக்கொண்டு போனது, ஒத்துக்கொள்கிறேன்.
ஆனால் வேனின் நம்பர் பிளேட்?
அதைப் படிக்கத்தானே வளைவுக்கு வளைவு
நாற்காலியில் நானும் சாய்கிறேன்?
அதுவும் மாவில் போயிற்று.

எழுதினேன்: பார்க்கிற பொருளும் தேய்கிறது.
பதில் வந்தது: அப்படித்தான் செய்திருக்கிறோம்.
மூடியாயிற்று.

செவ்வாய்க்கிழமை, தாதரில் மாறி ஸ்லோ வண்டி.
பெண்கள் பெட்டி, வாசல் கம்பி,
விலா எலும்பில் யாருடைய டிபன் பையோ.
மாஹிம் தாண்டியதும்
பக்கத்துத் தண்டவாளத்தில் ஃபாஸ்ட் வந்தது.
சிக்னலோ என்னவோ, வேகம் தணிந்து
எங்களோடு தோளுரசி ஓடியது
கழிமுகத்துப் பாலம் முழுக்க.

கம்பங்கள் கோடு.
பாலத்துக் கிராதி கோடு.
சதுப்பின் பச்சை ஒரே இழுவை.
நடுவில், எதிர் வாசலில்,
ஒருத்தி தோடு போட்டுக்கொண்டிருந்தாள்.
திருகாணியை உதட்டில் கவ்வியிருந்தாள்.
அதன் மரை எனக்குத் தெரிந்தது. சத்தியமாக.
இரண்டு வண்டிக் கூட்டமும் ஓட
அவள் காதுத் துளை அசையவில்லை.

பிறகு ஃபாஸ்ட் முந்தியது.
கண் அவளைப் பிடித்துக்கொண்டே போனது.
கொஞ்ச தூரம் அப்போதும் அவள் துல்லியம்;
மங்கியது நான் பிடித்திருந்த கம்பி.
கழுத்து திரும்பாத இடம் வந்ததும்தான்
எல்லாரையும்போல அவளும் ஒரு நிறம்.

எங்கள் கேமராவுக்கு
நான் எதைப் பிடித்திருக்கிறேன் என்று தெரியாது.
தெரியாமலே பூசுகிறது.

ஆபீஸ் போய், மூடியதைத் திறந்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
திருகாணியைப் பற்றி எழுதி, அழித்து,
'ஆட்டக்காரருக்கு ஒரு சுவிட்ச் கொடுங்கள்'
என்று மட்டும் வைத்தேன்.
நிமிஷ் மூன்று நாள் என்னை இஷ் என்றுகூடக் கூப்பிடவில்லை.
நாலாம் நாள் மெனுவில், பிரைட்னஸுக்குக் கீழே,
மங்கல்: ஆன், ஆஃப்.

ஆஃப் செய்தால் முப்பதின் பள்ளங்கள் பல் இளிக்கின்றன.
ஆட்டோ தத்தித் தத்திப் போகிறது.
நம்பர் பிளேட்டில் ஒரு ஏழு, ஒரு ஒன்று, கொஞ்சம் துரு.
ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு
ஆஃபிலேயே ஓட்டுகிறேன்.

பாந்த்ராவில் கூட்டம் இடித்து ஏறுவதற்குள்
அதைத் திருகி முடித்திருப்பாளா அவள்?