கொக்கும் பீப்பாயும்: ஓர் அளவைக் குறிப்பு

வாசலில் நின்று பார்த்தால்
இருநூற்று முப்பது வயது சொல்லலாம்.
செங்கல் முகப்பு, மேலே ஐந்து ஜன்னல்,
கஞ்சி போட்ட சட்டைபோல் விறைத்த கதவு.
ஐந்தில் ஒன்று ஜன்னலே அல்ல.
கறுப்புப் பெயின்ட், அதன்மேல் வெள்ளைக் கோடுகள்.
வரிக்குப் பயந்தவன் வேலை என்கிறார்
உரிமையாளர் மெர்வின் டாசெட்.
பின்னால் ஒரு தூண் மறிக்கிறது என்கிறது என் நாடா.
இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

ஹெரிஃபோர்ட்ஷயர், ப்ராக்கன்ஹோப் கிராமம்.
பிப்ரவரி மழை.
சேற்று ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன்.
இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரே கேள்வி:
கட்டடம் சாய்கிறதா,
சாய்ந்து முடித்துவிட்டதா?

சத்திரம் என்று எழுத வந்து கை நின்றது.
காசு கேட்காமல் சோறு போட்ட இடத்துக்கு
எங்கள் பக்கம் வைத்த பெயர் அது.
இங்கே முதல் நாளிலிருந்தே கணக்கு உண்டு:
குதிரைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு,
ஒரே கட்டிலில் மூன்றாவது ஆளுக்குச் சற்றுக் குறைவு.
விடுதி என்று எழுதினேன்.

வண்டி நுழையும் வளைவில்
அச்சு உரசி உரசிக் கல் குழிந்திருக்கிறது.
விரல் வைத்தால் நெய் தடவியதுபோல் வழுக்குகிறது.
நான்கு குதிரைகளை அவிழ்த்து
வேறு நான்கைப் பூட்டும்வரை
பயணிகள் கொதிக்கும் சூப்பை ஊதிக்கொண்டிருந்த முற்றம்.
பிறகு ரயில் ஏழு மைல் தள்ளிப் போனது.
அந்த வருஷக் கணக்கேட்டில்
ஓட்ஸ் பக்கம் காலி.
லாயத்தில் இப்போது இரட்டைக் கட்டில், வைஃபை.

மாடியில் நீள அறை.
ஆட்டு ஏலம், கல்யாண விருந்து,
ஆற்றில் மூழ்கிய ஒருவனைக் கிடத்தி
பன்னிரண்டு பேர் கூடி விசாரித்ததும்
இதே மேசையில்.
ஒரு காலுக்கு மட்டும் அடியில் மரத்துண்டு.
பிணம் உருளாதிருக்க, என்கிறார் மெர்வின்.
காபி சிந்தாதிருக்க, என்கிறாள் அவர் மனைவி ரோவினா.

பரணுக்கு ஏணி.
அங்கேதான் செங்கல்லின் குட்டு உடைந்தது.
முகப்பு ஒரு கல் தடிமன், அவ்வளவே.
பின்னால் அதைவிட இருநூறு வயது மூத்த ஓக்
இரும்பாணி இல்லாமல்,
கழுந்தும் துளையுமாய் நிற்கிறது.
சட்டங்களுக்கு நடுவே மரச்சிம்பு, களிமண்,
மாட்டு முடி, சாணி.
சாணி என்றதும் மெர்வின் மன்னிப்புக் கேட்டார்.
நான் சிரித்தேன், எதற்கென்று சொல்லவில்லை.

மூட்டுக்கு மூட்டு உளி கொத்திய எண்கள்.
எங்கோ ஒரு தோப்படியில்
முழு வீட்டையும் படுக்கப் போட்டுப் பொருத்தி,
எண்ணிட்டு, பிரித்து,
வண்டியேற்றி வந்து எழுப்பியிருக்கிறார்கள்.
ஐந்து, ஆறு, ஏழு.
ஏழுக்கு அடுத்து ஒன்பது.
ஒன்பதுக்கு அடுத்து எட்டு.

டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன்.
எட்டின் கழுந்து ஒன்பதின் துளைக்குக் குட்டை.
இடைவெளியில் மடித்துச் செருகிய தோல்,
யாரோ ஒருவனின் பூட்ஸ் நாக்கு,
நானூறு வருஷம் அமுங்கி
கொம்புபோல் இறுகிக் கிடந்தது.

கீழே மேஸ்திரி கத்திக்கொண்டிருந்திருப்பான்.
மேலே கயிற்றில் உத்தரம்,
இறக்க நேரமில்லை, இருட்டுகிறது.
குனிந்து தன் காலிலிருந்தே அறுத்திருக்கிறான்.
அன்று வீட்டுக்கு எப்படி நடந்தான்?

ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழ் தென்மேற்கே ஓடி ஒட்டிக்கொண்டது.
சாய்வு: வடகிழக்கே நாலேகால் அங்குலம்.
தற்போதைய நகர்வு: இல்லை.
காரணம் என்ற கட்டத்தில் தோல் என்று எழுதி
அடித்தேன்.
பழமை என்று எழுதி
அதையும் அடித்தேன்.

இறங்கி வந்தால்
கணப்பருகே என் ஷூவைக் காயப் போட்டிருந்தாள் ரோவினா,
நாக்கை வெளியே இழுத்துவிட்டு.
இன்னும் காயவில்லை.
பரவாயில்லை என்று போட்டுக்கொண்டேன்.