வாயில்லாப் பூச்சி

மே மாதம் ரைன் நதிக்குக் கரை என்பதெல்லாம்
ஒரு பேச்சுக்குத்தான்.
காடு முழங்கால் நீரில் நிற்கும்.
ஐந்தாம் நாள் ஹெலிகாப்டர் வரும்.

கீழே நின்று அதன் தொட்டியை நிரப்புகிறவன் நான்.
பத்தொன்பது கோடையாக இதுதான் பிழைப்பு.
ஜவ்வரிசி ஜவ்வரிசியாய்ப் பனிக்கட்டி;
இலைகளுக்கு ஊடே இறங்கி
குட்டையின் மேல்தோலில் கரையும்.
உள்ளே ஒரு நுண்ணுயிர், அதோடு ஒரு படிகம்.
விஷமில்லை, கையுறை எதற்கு
என்பேன் புதுப் பையன்களிடம்.

ஊர் மன்றத்தில் ஒருமுறை
தண்ணீரில் கலக்கிக் குடித்தே காட்டினேன்.
சுண்ணாம்பும் ஊறிய ரொட்டியும் சேர்ந்த ருசி.
கைதட்டினார்கள்.
அன்றிரவு இர்ம்கார்ட் தன் விடுதியில்
என் ஒயினுக்குக் கணக்கு எழுதவில்லை.
திறந்த வெளியில் மேசை,
மேசைக்கு மேசை மெழுகுவர்த்தி,
கால்சட்டையை மடித்துவிட்டு
நள்ளிரவு வரை சீட்டாட்டம்.
அது நான் கொடுத்தது.
இன்றைக்கும் சொல்வேன், நான் கொடுத்தது.

பிறகு மாரைகே வந்தாள்,
ஒரு பழைய வேனும் பதினாறு வலைக்கூடாரமுமாக.
குட்டைகள் மேல் கவிழ்த்து வைத்து
நீரிலிருந்து எழுந்து வந்ததையெல்லாம் பிடித்தாள்.
பாதி, நாங்கள் தூவிய குட்டைகள்.
மீதி, தூவாதவை.
ஆகஸ்டில் என்னைக் கூப்பிட்டு
ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு புட்டிகளை நிறுத்தினாள்.
ஒன்றில் இரண்டு விரற்கடைக் கறுப்பு.
மற்றதில் ஒன்றுக்கும் குறைவு.
எது எங்கே பிடித்தது என்று அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

"கொசுதானே?"
"கொசுவுக்குப் பங்காளி. கடிக்காது."

நுண்ணோக்கியில் குனிந்தேன்.
இறகு செருகியது போல் இரண்டு உணர்கொம்பு.
கண்ணாடிச் சிறகு.
வாய் இருக்க வேண்டிய இடத்தில்
இல்லை என்று சொல்வதற்கு மட்டும் ஏதோ கொஞ்சம்.

சேற்றில் புழுவாய்க் கிடந்தபோது இருந்தது வாய்.
வந்ததை எல்லாம் விழுங்குகிற குழந்தை வாய்.
அதன் வயிற்றில் காரம்;
படிகம் அவிழ்வது அங்கேதான்.
என் வயிற்றில் புளிப்பு.
அன்று மன்றத்தில் கைதட்டல் வாங்கியது
நானல்ல, என் புளிப்பு.

இர்ம்கார்ட்டின் இறவாரத்தில்
தகைவிலான்களின் மண்கூடு ஏழு.
எச்சம் மேசையில் விழுகிறதென்று
கீழே பலகை அடித்துக் கொடுத்ததும் நான்தான்.
"இந்த வருஷம் பலகை சுத்தமாக இருக்கிறது"
என்றாள், சந்தோஷமாக.
அண்ணாந்து பார்த்தேன். இரண்டு கூட்டில்தான் அரவம்.
வெளியே போன பறவை திரும்ப நெடுநேரமாகிறது.
அலகில் பறக்கும் எறும்பு.
குட்டைகள்தான் காரணமா, தெரியாது.
மாரைகேயும் தெரியாது என்றுதான் எழுதியிருக்கிறாள்,
பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு.

அக்டோபரில் மன்றம் கூடியது.
காட்டில் மூன்றில் ஒரு பங்கைத்
தூவாமல் விடலாமா?
கொசு தன் கட்சியைத் தானே பேசிக்கொள்ளும்.
ஒரு கடி போதும், ஊரே எழுந்து நிற்கும்.
இதற்காக எழுந்து நின்றவள் ஒருத்தி,
கையில் இரண்டு புட்டி.
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:
"ஓட்மார், இன்னொரு கோப்பை குடித்துக் காட்டேன்!"
சிரிப்பு.
நானும் சிரித்தேன்.
நான்குக்குப் பதினொன்று.
புட்டிகளைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்,
முட்டை வைப்பது போல.

மறுபடி மே.
மறுபடி முழங்கால் நீர், ஐந்தாம் நாள், காதடைக்கும் இரைச்சல்.
தொட்டியை நிரப்புகிறேன்.
இப்போதெல்லாம் கையுறை போட்டுக்கொள்கிறேன்.
பையன்கள் கேட்டால்
பனிக்கட்டி குளிர்கிறது என்று
சொல்லி வைத்திருக்கிறேன்.