மூன்றாவது சட்னி

சித்திரை வெயிலில் சேலத்துக்கு வரும் எதுவும்
வந்த உருவத்தில் இருப்பதில்லை.
தாவோ என்கிற ஊரிலிருந்து
மூன்று விமானம், ஒரு ரயில், ஒரு டவுன் பஸ் மாறி
என் தள்ளுவண்டிக்கு வந்து சேர்ந்தபோது
அந்தச் சாக்லேட்டும் உறைக்குள் களியாகத்தான் இருந்தது.

"எங்க ஊரு சாக்லேட்டுக்கா" என்றாள் சிந்துஜா.
எங்க ஊரு.
அம்மாபேட்டையில் என் வண்டிக்கு எதிர்ச்சந்தில் பிறந்தவள்,
ஆறு வருசம் டாக்டருக்குப் படிக்கப் போனவள்,
சொன்ன பிறகு
யாரோ சொன்னதுபோலத் திரும்பிப் பார்த்தாள்.

நான் பண்டம் விற்கிறவள்.
எதையும் உடனே வாயில் போடமாட்டேன்.
முதலில் உறை.
தடித்த காகிதம், கொண்டை வைத்த ஒரு கழுகு,
பொடி எழுத்தில் என்னென்னவோ.
வெளிநாட்டுக் கம்பெனி இல்லையாம்.
அந்த மலையிலேயே காய் பறித்து
அடிவாரத்துத் தெருவிலேயே வறுத்து அரைக்கிறார்களாம்.
முன்பெல்லாம் கொட்டை மட்டும் மூட்டையில் கப்பலேறும்,
சாக்லேட்டாகத் திரும்பி வந்தால்
பறித்தவர்களுக்கே வாங்கக் கட்டாதாம்.

"தெரியும்" என்றேன்.
ஏற்காட்டுக் காப்பி மூட்டைகளை
இருபது கொண்டை ஊசி வளைவும் லாரியில் இறக்கியவர்
என் வீட்டுக்காரர்.
அது எந்த ஊர் டம்ளருக்குப் போனது என்று
கடைசிவரை அவருக்குத் தெரியாது.

அப்புறம் வாசம்.
அப்புறம்தான் நாக்கு.

கசந்தது.
வேப்பம்பூக் கசப்பு இல்லை.
அடிப்பிடிக்க ஒரு நொடி இருக்கும்போது இறக்கிய
வெல்லப்பாகின் கசப்பு.
அதன் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு புளிப்பு,
எல்லாம் கரைந்துபோன பிறகு
பல்லிடுக்கில் ஒரு கல் உப்பு.
யாரோ நின்று பார்த்துச் செய்திருக்கிறார்கள்.
எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

பையிலிருந்து இன்னும் எடுத்தாள்:
சாக்லேட்டில் முக்கிய வாழைக்காய் சிப்ஸ்,
சாக்லேட்டில் முக்கிய மாம்பழ வற்றல்.
"ஏண்டி, குண்டு மாம்பழம் குவிஞ்சு கிடக்கிற ஊருக்கு
மாம்பழத்தையா தூக்கிட்டு வந்தே?"
சொல்லிக்கொண்டே நாலு துண்டு தின்றிருந்தேன்.

ஏழு மணிக்கு மாரப்பன் வந்தார்,
செவ்வாப்பேட்டைப் பட்டறையில்
நாளெல்லாம் கொலுசு ஊதி,
நகக்கண்ணில் வெள்ளிப் பொடியோடு.
சிவப்புச் சட்னிக்கும் பச்சைச் சட்னிக்கும் நடுவில்
கிண்ணத்தில் உருகிக் கிடந்ததைப் பார்த்து
"அதென்ன கருப்பு?" என்றார்.
"பிலிப்பைன்ஸ் சட்னி."
"ஒரு செட்டு போடு."

போட்டேன்.
தட்டைமேல் வெங்காயம், பீட்ரூட் துருவல், மாங்காய்க் கீற்று,
சிவப்பு ஒரு கரண்டி, கருப்பு ஒரு கரண்டி,
மேலே இன்னொரு தட்டை.
கண்ணை மூடி மென்றார்.
சிந்துஜா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்,
பரீட்சை முடிவைப் பார்க்கிறவள்போல.
அந்தப் பரீட்சை
இரண்டாம் தடவையும் கைவிட்டுப் போனதைத்
தெரு முழுக்கச் சொல்லித்தான் எனக்கும் தெரியும்.
அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.
"உப்பு பத்தல" என்றார் மாரப்பன்.
"இன்னொண்ணு போடு."

அவர் போன பிறகு அவள் பேச ஆரம்பித்தாள்.
மழைக்காலக் காலையில் அங்கே
அரிசியும் சாக்லேட்டும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சுவார்களாம்,
தொட்டுக்கொள்ளக் கருவாடாம்.
"கருவாடா?"
"கருவாடேதான்க்கா."
விடுதி, ஜன்னல், ஆவி, கிண்ணம் என்று
கையை ஆட்டி ஆட்டி அவள் சொல்லச் சொல்ல
மூன்று பேர் பார்சலுக்குக் காத்திருந்தார்கள்.

உறையைத் துடைத்து
விலை எழுதின கண்ணாடிக்குள் ஒட்டினேன்.
பொடி எழுத்தில் ஒரு வரியைக் காட்டி
"இது என்ன?" என்றேன்.
"பெலிசா. கொட்டை காயப்போடுறவங்க பேரு."
எனக்குத் தட்டை போட்டுத் தருகிறவளின்
முழுப்பேர் என்ன என்று
அப்போதுதான் யோசித்தேன்.
வரவில்லை.

தன் நொறுக்கலுக்குக் காசு நீட்டினாள் சிந்துஜா.
வாங்கிக்கொண்டேன். வியாபாரம் வியாபாரம்தான்.
நாளைக்குக் கருவாட்டோடு வருகிறேன்,
அந்தக் கஞ்சியை ஜவ்வரிசியில் காய்ச்சிப் பார்ப்போம்
என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

இது சைவ வண்டி.
முன்பக்கத்தில் பெரிதாக எழுதியே இருக்கிறது.