முன்பணம்

ஒன்பது ஊர். பதினொரு வாடகை வீடு.
ஒவ்வொன்றுக்கும் கட்டிய முன்பணத்தை
மைலோ அட்டையின் உட்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.
எத்தனை ஆட்டம் வென்றார், எத்தனை தோற்றார் என்று
பத்திரிகைக்காரர்கள் குறித்துக்கொள்வார்கள்.
இதை யார் குறிப்பார்?

சிலிம் ரீவருக்கு வந்த அன்று மழை.
லாரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழங்கள்
சக்கரம் ஏறி, சாலையெல்லாம் ஆரஞ்சுச் சேறு.
திடலுக்குப் பின்னால் எண்ணெய் ஆலை.
கிளப்பில் துணி துவைக்க ஆள் இல்லை, ஒரு மாதம் பாருங்கள் என்றார்கள்.
பத்தொன்பது மாதம் துவைத்தேன்.
ஜெர்சிகளை விட்டு அந்தப் புளித்த வாடை போகவேயில்லை.

ஒப்பந்தம் இரண்டு வருடம்.
கையெழுத்துப் போட்ட பேனாவை தவுக்கே இவருக்கே கொடுத்துவிட்டார்.
"கோச் அங்கமுத்து, இனி இதுதான் உங்கள் ஊர்."
இந்த வாக்கியத்தை மூன்று மொழியில் கேட்டிருக்கிறேன்.
அன்றிரவு மூன்று பெட்டிகளைப் பிரிக்காமல்
கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

அவர் தூங்கமாட்டார்.
சாப்பாட்டு மேசையில் பதினொரு புளியங்கொட்டை,
எதிரணிக்குப் பதினொரு பூண்டுப்பல்.
கோல்கீப்பர் ஓர் அடி முன்னால் நின்றால்?
அந்த ஓர் அடிக்காக
மகளின் பரிசளிப்பு விழாவுக்கு வரவில்லை.
காலையில் எதிரணியைத் தட்டி
ரசத்தில் போட்டேன்.

முதல் வருடம் மூன்றாம் இடம்.
மீன்காரன் காசு வாங்க மறுத்தான்.
அடுத்த வருடம் வரிசையாக ஏழு தோல்வி.
அதே மீன்காரன், தராசைப் பார்த்தபடி,
"ஏங்க்கா, அந்தக் கீப்பர் பையன மாத்தவே மாட்டாரா?"

வேலை போன செய்தி வாட்சாப்பில் வந்தது.
காலை ஆறு பத்து. கடைசியில் கைகூப்பும் படம்.
ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.
ஒரு கால் கட்டியாயிற்று. படித்தார்.
இன்னொன்றையும் கட்டிவிட்டுத்தான் எழுந்தார்.

பிறகு குளுவாங்.
மார்ச்சில் அதே திடலுக்கு, எதிர்ப்பக்கப் பெஞ்சில்.
அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்,
பிறகு அவர் அம்மாவை.
இரண்டுக்குப் பூஜ்ஜியம். ஜெயித்தோம்.
இரண்டாவது கோலுக்கு எல்லோரும் குதித்தபோது
அவர் மட்டும் அந்தக் கீப்பர் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பையன் சரியாக ஓர் அடி முன்னால் நின்றிருந்தான்,
இவர் நிற்கச் சொன்ன இடத்தில்.
அவன் தலைக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறதென்று
இவருக்குத்தானே தெரியும்.

பஸ் கிளம்ப இருபது நிமிடம் இருந்தது.
வீட்டுக்காரம்மா ரொக்கியாவிடம் போனேன்.
சமையலறைச் சுவரில் அவர் வரைந்த அம்புக்குறிகளுக்கு,
சுண்ணாம்புச் செலவு அறுபது கழித்து
முந்நூற்று நாற்பது வெள்ளி தந்தாள்.
அட்டையில் ஒரு கோடு அடித்தேன்.

பழைய வீட்டு வாசலில் புதுக் கோச்சின் மனைவி,
திரெங்கானுக்காரி, சின்னப் பெண்.
கை ஈரம். பின்னால் கொடியில்
தோற்ற ஜெர்சிகள் இன்னும் வரவில்லை,
பயிற்சி ஜெர்சிகள் சொட்டிக்கொண்டிருந்தன.
ஆட்டத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.
அந்தச் சலவை இயந்திரம் மூன்றாம் சுற்றில் நின்றுவிடும்,
இடப்பக்கம் ஒரு தட்டுத் தட்ட வேண்டும்
என்று மட்டும் சொல்லிவிட்டு
பஸ்ஸுக்கு நடந்தேன்.