உலோகம் உள்ளே அனுமதியில்லை

ராத்திரி பன்னிரண்டுக்கு ஆல்பம் வருகிறது.
எனக்கு எட்டுக்கு எட்டு ட்யூட்டி,
வேலூர் ஆஸ்பத்திரியின் தரைத்தளத்துக்கும் கீழே
ஜன்னல் இல்லாத அறையில்
ஒன்றரை டெஸ்லா காந்தத்துக்குக் காவல்.
கதவில் ஒட்டியிருக்கிறது:
உலோகம் உள்ளே அனுமதியில்லை.

டில்லிபாபு அதைப் படித்த நாளிலிருந்து
ஒரே வாதம்.
‘நம்மாளுங்க மெட்டலே இல்லடி, ஹார்டு ராக்கு.
தாராளமா உள்ள உடலாம்.’

குரோமியம் எங்கள் பேண்டு.
ராணிப்பேட்டைப் பையன்கள் நாலு பேர்.
மழை விட்டதும் மஞ்சளாய்த் தேங்கும் சிப்காட் ஓரம்
கிரிக்கெட் ஆடியவர்கள்,
பேருக்காக வேறெங்கும் அலையவில்லை.

இரண்டு ஆல்பம். அப்புறம் ஏழு வருஷம்
ஒன்றுமில்லை.
பாடுகிறவன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் என்றார்கள்.
தொண்டையே போய்விட்டது என்றார்கள்.
டிரம்ஸை வாலாஜாவில் ஒரு கல்யாணக் கோஷ்டிக்கு விற்றதைக்
கண்ணால் பார்த்ததாக நூருல்லா சத்தியம் செய்தான்.
ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு
என்று போகும் ஊர்ப் பட்டியலில்
பாட்டில்லாத பேண்டு என்று
நாங்களே சேர்த்துக்கொண்டோம்.

இப்போது மூன்றாவது.
பேர்: நாற்பத்து மூன்று டிகிரி.
மே மாசம் காட்பாடி ஸ்டேஷன் வாசலில்
வெயிலில் நின்ற பைக் சீட்டில்
தெரியாமல் உட்கார்ந்து எழுந்தவனுக்குத்தான்
இந்தப் பேர் வரும்.

பதினொன்றரை.
ஆம்பூரில் ஷூ கம்பெனி நைட் ஷிப்டு,
நூருல்லா இயர்போனைக் குல்லாவுக்குள் ஒளித்துவிட்டான்.
குடியாத்தத்தில் கரண்டு இல்லை.
ஏகவல்லியின் போனில் ஒன்பது சதவீதம்.
பாட்டுக்கு இரண்டு சதவீதம், பாட்டு எட்டு.
எந்த நாலை விடுவது
என்று என்னைக் கேட்கிறாள்,
இன்னும் ஒன்றையும் கேட்காத என்னை.

பத்து நிமிஷம் இருக்கும்போது ஸ்ட்ரெச்சர் வந்தது.
பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி
லாரியிலிருந்து விழுந்த க்ளீனர்.
சுதர்சனம், இருபத்தொன்று.
முதுகெலும்பு.
சீட்டில் எழுதியிருந்தது:
இடது கால் அசைவு இல்லை.

வெள்ளி அரைஞாண், செம்புத் தாயத்து, ஒற்றைக் கடுக்கன்
எல்லாம் கழற்றி ட்ரேயில் போட்டேன்.
‘பயமா கீதுக்கா.’
‘சத்தம் போடும், அவ்ளோதான். ஆடாம படு.’
ஹெட்போன் மாட்டினேன்.
வழக்கமாய் அதில் புல்லாங்குழல்தான் விடுவோம்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து
மணி பார்த்தேன். பன்னிரண்டு மூன்று.
கை தானாகப் போனது.

காந்தம் டக்கடக்கவென்று இடிக்க ஆரம்பித்தது.
அதன் மேலேயே ஏறி வந்தது கிட்டார்.
எது டிரம்ஸ் எது மெஷின் என்று
ஸ்பீக்கரில் எனக்கே பிரியவில்லை.
தொண்டை போகவில்லை அவனுக்கு.
துருப்பிடித்திருந்தது,
அது இன்னும் நன்றாக இருந்தது.

திரையில் படம் கலங்கியது.
ஆடாதே என்று மைக்கை அழுத்தப் போனவள்
கண்ணாடி வழியே பார்த்தேன்.
போர்வைக்கு வெளியே
இடது கால் கட்டைவிரல்
தாளம் தப்பாமல்.

மைக்கை விட்டுவிட்டேன்.
அந்த சீக்வென்ஸ் பாழ்.
திரும்ப எடுத்தேன், பாட்டை நிறுத்திவிட்டு.

டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
அதிர்ச்சி தெளிந்தால் அப்படி வரும்,
நல்லதுதான் என்றார்.
விரலைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்.
டில்லிபாபுவிடம் சொன்னால்
ஊர் முழுக்க போஸ்டர் ஒட்டிவிடுவான்.

அரைஞாணைத் திருப்பிக் கொடுக்கும்போது
சுதர்சனம் கேட்டான்:
‘அந்த மெஷின் சத்தம் சூப்பரா கீதுக்கா.
போன்ல கெடைக்குமா?’

ஸ்கேன் கவரின் பின்பக்கம்
கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

வெளியே என் போனில் இருநூற்றுப் பன்னிரண்டு மெசேஜ்.
ஏகவல்லி ஐந்தாவது பாட்டின் நடுவில் அணைந்துபோயிருந்தாள்.
நூருல்லா சூப்பர்வைசரிடம் மாட்டி
ஆளுக்கொரு காதாய்க் கேட்டுக்கொண்டிருந்தான்.
மூணாவது பாட்டு எப்படி, மூணாவது பாட்டு எப்படி
என்று எல்லாரும் என்னையே கேட்கிறார்கள்.

அடுத்த ஸ்ட்ரெச்சர் லிப்டில் இறங்கும் சத்தம்.
நான் இன்னும் முதல் பாட்டையே
முழுசாய்க் கேட்கவில்லை.