வான்கோழி வால்

பாகோ பாகோவிலிருந்து வரும் கப்பல்
விடிந்ததும் விடியாததுமாய் ஆப்பியா துறையில் ஒட்டும்.
ஆட்களுக்கு முன்னால் ஐஸ்பெட்டிகள் இறங்கும்.
மேலே இரண்டு மீன்,
மீனுக்குக் கீழே ஈரச்சாக்கு,
சாக்குக்குக் கீழே பொய்.

என் பெயர் ஃபுவாடினோ. சுங்கத்தில் ஒன்பது வருடம்.
தூக்கி வைக்கிறவன் முகத்தைப் பார்த்தே
எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன்.

உள்ளங்கையளவு இருக்கும் ஒரு வால்.
அழுத்தினால் விரல் எண்ணெயாகும்.
அதை வளர்க்கிற தேசத்தில்
அறுத்து ஒதுக்குகிற துண்டு அது.
ஒதுக்கியது உறைந்து, கப்பலேறி,
எங்கள் கல்யாணப் பந்தியில் மரியாதையானது.
பிறகு ஒருநாள் சட்டம் வந்தது: இங்கே கூடாது.
பக்கத்துத் தீவில், வேறு கொடியின் கீழ், கூடும்.
அதே பாஷை, அதே மாமன் மச்சான்,
நடுவில் ஓர் இரவு கடல்.

இயாகோபோ மரபஸ் ஓட்டுகிறவர்.
அன்று அவர் பெட்டியில் பன்னிரண்டு கிலோ.
"என் காசு, என் வாய், என் வயிறு.
இதில் உனக்கென்ன பங்கு?" என்றார்,
வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி.
அவர் தோளுக்கு மேலே
துறைமுகக் கடை திறந்துகொண்டிருந்தது:
சிகரெட், டின் மாட்டிறைச்சி,
ஆளுயரத்துக்குச் சர்க்கரைத்தண்ணீர்.
அவற்றுக்கு நானே காலையில் முத்திரை குத்தியிருந்தேன்.
பதில் சொல்லவில்லை.
வால்களின் மேல் டீசல் ஊற்றினேன்.
ஒரு நாய் வந்து முகர்ந்து, தும்மிவிட்டுப் போனது.

என் தம்பி பெலெனாத்தோவுக்கு
வாரத்தில் மூன்று நாள் ரத்தம் வெளியே போய்த் திரும்பி வரும்.
நாக்கு நாலு முழம் அவனுக்கு, சின்ன வயதிலிருந்தே.
ஊசிக் கையை அசைக்காமல் கேட்பான்:
"இன்றைக்கு எத்தனை கிலோ எரித்தாய்?"
சொன்னால் கண்ணை மூடிக்கொள்வான்.
அந்த வாசனையைத்தான் தேடுகிறான் என்று எனக்குத் தெரியும்.
"அப்போது எவனாவது என் தட்டைப் பிடுங்கியிருந்தால்
அவன் பல்லை உடைத்திருப்பேன்" என்பான்.
இயந்திரம் இரண்டு சுற்றுச் சுற்றும்.
"ஆனாலும் ஒருத்தராவது பிடுங்கியிருக்கலாம்."

இரண்டையும் அவன் ஒரே குரலில்தான் சொல்வான்.
எது உண்மை என்று நான் கேட்டதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் கடிதம் வந்தது.
வியாபாரப் பெரியவர்கள் எங்கோ ஒரு மேசையில்
தடை செல்லாது என்று பேசி முடித்திருந்தார்கள்.
இனி வால் வரலாம், வரி கட்டி.
டீசல் கேனை ஜெனரேட்டர் அறைக்குக் கொண்டுபோனார்கள்.
முத்திரைக்குப் புது மை வந்தது.

முதல் சனிக்கிழமையே இயாகோபோ நின்றார்.
பெட்டியில் மீன் இல்லை, சாக்கு இல்லை.
வெளிச்சத்தில் வெறுமனே கிடந்தன வால்கள்,
மறைக்க ஒன்றுமில்லாத கூச்சத்தோடு.
குத்தினேன். ரசீது கிழித்தேன்.
அவர் போகவில்லை.
இடது காலில் செருப்புக்குப் பதில்
கட்டுத்துணி இருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"ஃபுவாடினோ," என்றார், வரிசைக்குக் கேட்காதபடி,
"நீ தடுத்தவரை எனக்கு உன்னோடு சண்டை இருந்தது.
வீட்டுக்குப் போய் உன்னைத் திட்டிக்கொண்டே
கிழங்கும் கீரையும் தின்பேன்.
இப்போது யாரோடு சண்டை போடுவது?"

பின்னால் நின்றவன் பெட்டியால் இடித்தான்.
"இதைச் சாப்பிடட்டுமா, நீயே சொல்."

படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.
என் காசா, என் வாயா, என் வயிறா என்று
அவர் சொன்னதையே திருப்பிச் சொல்ல
நாக்கு நுனிவரை வந்தது.
பெலெனாத்தோவின் மூடிய கண்ணும் வந்தது.

"பாதி எடுத்துக்கொண்டு போங்கள்" என்றேன்.
எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.
எந்தப் பாதி என்று மட்டும் கேட்டார்.

ஐஸ் உருகி என் காலணிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
வரிசை கத்த ஆரம்பித்தது.
இருவரும் குனிந்து
எண்ணத் தொடங்கினோம்.